மேல் போல்ட்

குத்துதா கண்ணு? அடடா, இரு இரு, பையைக் கொஞ்சம் அக்கட்டால நகத்திக்கறேன். உள்ள ஸ்பேனர் வெச்சிருக்கேன், அது துணியைத் தாண்டி மூக்கை நீட்டுது. உன்ற சுடிதார் கிழியலையே? நல்லாப் பாத்துக்கோ.

என்ன அப்படிப் பாக்கறே? பொம்பளை பையில சீப்பு இருக்கலாம், மாத்திரை இருக்கலாம், ஸ்பேனர் இருக்கக் கூடாதா? இது சும்மா வாங்குனது. இங்க உடுமலையில எங்கக்கா சாந்தாமணி வூட்டுக்கு ரெண்டு வூடு தள்ளி ஒரு லேத்துப் பட்டறை இருக்குது. நேத்துக் காத்தால கறிவேப்பிலை வாங்கப் போனவ, அப்படியே பட்டறைக்குள்ள போயி, "இந்த ஸ்பேனர் கைப்பிடியப் பாதியா அறுத்து, சூடு காட்டி, இந்தளவுக்கு வளைச்சு, வாயை ரெண்டு பக்கமும் உரசி மெலிசாக்கிக் குடுங்க"ன்னேன். பட்டறைக்காரரு "எதுக்குங்கக்கா?"ன்னாரு. சும்மாத்தானுங்கன்னேன். அவரும் உன்னையாட்டம்தான் பாத்தாரு.

நான் துளசிமணி. பொள்ளாச்சிக்கு முன்னாடியே எங்க ஊருக்குப் போற ரோட்டுப் பிரிவுல எறங்கிக்குவேன். நீ பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? அப்ப சன்னலோரம் நான் உக்காந்துக்கட்டுமா கண்ணு? இந்த டீசல் வாசம் எனக்கு ஆகாது, கொமட்டிக்கிட்டு வரும். பெட்ரோல் வாசம்னா ஒண்ணும் பண்ணாது. பெட்ரோல்லயே பொழங்குன ஒடம்பு இது.

எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்து, கார் மெக்கானிக்கு. இப்பத்த வண்டி எதையும் தொட மாட்டாரு, பழைய வண்டி மட்டும்தான். அம்பது வருஷத்து வண்டி, அறுபது வருஷத்து வண்டி. கோயமுத்தூர்ல இருந்து வருவாங்க, பாலக்காட்டுல இருந்து வருவாங்க, ஒருக்கா மைசூர்ல இருந்து லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. "எட்டாத எடத்துல என்ன இருந்தாலும் சரி, நாச்சிமுத்து கை பட்டாக் கழண்டுடும்"பாங்க. நெசந்தான், அவரு கைராசி அப்படி. எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதை முதல்லயே சொல்லிடறேன். நான் கையை உள்ள விட்டுக் கழட்டறதோட சரி.

ஆமா, கழட்டறது நான்தான். மெக்கானிக்கு அவரு. இதுல என்ன கொழப்பம் உனக்கு?

சொல்றேன் கேளு. இந்தப் பழைய வண்டிகளைச் செஞ்ச மகராசனுக, முதல்ல ஒரு போல்ட்டை அந்தரத்துல நிறுத்தி வெச்சுட்டு, அப்பறம் அதைச் சுத்தி வண்டியக் கட்டியிருப்பானுகளாட்ட இருக்குது. பின்னாடி ஒருத்தன் வந்து இதைக் கழட்டுவானேங்கற நெனப்பே இருந்திருக்காது. ஒரு சின்னக் கொழாய மாத்தோணும்னா அதுக்கு முன்னாடி இருக்கறதைக் கழட்டோணும். அதைக் கழட்டோணும்னா அதுக்கு மேல இருக்கறதைக் கழட்டோணும். பொழுது சாயறப்ப வாசல் பூராச் சாமான் பரப்பிக் கெடக்கும், அந்தக் கொழாய் மட்டும் அப்படியே உள்ள உக்காந்திருக்கும். அதுக்குத்தான் கை வேணும். எங்கூட்டுக்காரரு கை இருக்குதே, ஒவ்வொரு விரலும் நேந்திரம்பழம். மணிக்கட்டு வரைக்கும் கூடப் போகாது.

கல்யாணம் ஆகி மூணாம் மாசம், ஒரு வண்டிக்குள்ள நட்டைத் தவற விட்டுட்டாரு. காத்தால பத்து மணியில இருந்து மல்லுக்கட்டறாரு. காந்தத்தைக் கயித்துல கட்டி விடறாரு, கம்பிய வளைச்சு விடறாரு, அந்த நட்டோட ஆத்தா அப்பனை எல்லாம் இழுத்துத் திட்டறாரு. நான் டீ கொண்டுக்கிட்டுப் போனவ, "நகருங்க"ன்னு சொல்லிக் கையை விட்டேன். அடுப்பு மேடைக்குப் பின்னாடி டப்பா மூடி விழுந்துட்டா எடுக்க மாட்டோமா, அந்த மாதிரிதான். கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணு தெறந்திருந்தாக் கைக்குப் புத்தி வேலை செய்யாது. ரெண்டே நிமிஷம், நட்டு வெளிய வந்துடுச்சு. அவரு என்ற மூஞ்சியப் பாக்கவே இல்லை, கையைத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு. கல்யாணத்தன்னைக்குக் கூட என்னை அப்படிப் பாக்கலை.

அதுல இருந்து இருபத்திரண்டு வருஷம். ஸ்பேனர் வாயில துளியூண்டு புளிய அப்பிக்குவேன். அப்பத்தான் கழண்டு வர்ற போல்ட் அதுல ஒட்டிக்கும், உள்ள விழுகாது. அவரு கிரீஸ்ம்பாரு. கிரீஸ் வழுக்கும், புளிதான் நிக்கும். நட்டுன்னா ஒரு தையல் நூலைக் கோத்துக் கட்டிடுவேன், கை தவறி விழுந்தாலும் நூலை இழுத்தா வந்துடும். இதெல்லாம் ஒரு வித்தையா, சமையக்கட்டுல இருக்கறவளுக்குத் தானா வரும்.

அவரு பக்கத்துல டார்ச்சப் புடிச்சு நின்னுக்கிட்டு ஒரே கத்தல். "இன்னும் உள்ள போ! லெஃப்ட்ல திருப்பு! லெஃப்ட்டு புள்ள, லெஃப்ட்டு!" டார்ச்சு வெளிச்சம் என்ற முழங்கையத் தாண்டிப் போகாது, அவருக்கு உள்ள ஒரு மண்ணும் தெரியாது. நான் பாட்டுக்கு எனக்குத் தோணுற பக்கம் திருப்புவேன். கழண்டுடும். "பாத்தியா, நான் சொன்னேனல்ல?"ம்பாரு. ஆமாங்கன்னு சொல்லீருவேன். அதுல அந்த மனுசனுக்கு ஒரு சந்தோசம்னா இருந்துட்டுப் போகட்டும். வர்றவங்ககிட்ட "நானே கழட்டினேன்"னு சொல்லுவாரு. சொல்லட்டும். அதுக்கெல்லாம் நான் ஒரு நாளும் மூஞ்சியத் தூக்குனதில்லை.

ஆனா இப்பப் பண்ணினது இருக்குதே, அதை என்னால பொறுக்க முடியலை. ஒம்போது நாளாச்சு கண்ணு, நான் அக்கா வூட்டுக்கு வந்து.

என்ன பண்ணினாருன்னு கேளு. எனக்கு ஒரு சக்களத்தியக் கொண்டாந்து வெச்சுட்டாரு.

அய்யோ, நீ வேற, வாயை மூடு! பொம்பளை இல்லை. கேமரா. பாம்பாட்டம் நீளமா ஒரு வயரு, அந்த வயரு நுனியில மொளகு அளவுக்கு ஒரு கேமரா. வயரைச் சந்துக்குள்ள விட்டா உள்ள இருக்கறதெல்லாம் செல்போன்ல தெரியுது. பார்சல்ல வந்துச்சு. நானே கையெழுத்துப் போட்டு வாங்குனேன், மிக்ஸி ஜாருன்னு நெனைச்சு.

அது வந்த நேரத்தையும் சொல்றேன். எங்கூருல டாக்டர் கமலவேணின்னு ஒரு அம்மா இருக்காங்க. பிரசவ டாக்டரு, எழுபத்தெட்டு வயசு. அவங்கப்பா காலத்துக் கறுப்பு வண்டி ஒண்ணு அவங்ககிட்ட இருக்குது, ஐம்பத்தெட்டு மாடல். என்ன வண்டின்னு பேரு சொல்ல மாட்டேன். குறை சொன்னேன்னு அவங்க காதுக்குப் போச்சுன்னா என்னைத் தொலைச்சுப்புடுவாங்க. அந்த அம்மாவோட லைசென்ஸ் நாளைக்கு வியாழக்கிழமையோட முடியுது. "இனிமேப் புதுப்பிக்கறதா இல்லை துளசி. முழங்கால் கிளட்ச்சு மிதிக்க மாட்டேங்குது. நானே டாக்டரா இருந்துக்கிட்டு எனக்கு நானே பொய் சொல்லிக்கக் கூடாது"ன்னாங்க. ஆனா லைசென்ஸ் முடியறதுக்குள்ள ஒருக்கா, ஒரே ஒருக்கா, அவங்க மட்டும் தனியா ஆழியார் டேம் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயி, தண்ணியப் பாத்துட்டுத் திரும்பி வரோணுமாம். "வண்டி கத்துக்கிட்ட நாள்ல இருந்து பக்கத்துல எவனாவது உக்காந்துக்கிட்டு 'பாத்து, பாத்து'ன்னு சொல்லீட்டே இருக்கான். முதல்ல அப்பா, அப்பறம் வூட்டுக்காரர், அப்பறம் மகன். ஒரு நாளாவது எவனும் இல்லாமப் போகோணும்"ன்னாங்க. அதைக் கேட்டதும் எனக்கு அவங்க மேல அப்படி ஒரு பிரியம் வந்துடுச்சு.

பிரேக்கு, டேங்கு எல்லாம் சரி பண்ணியாச்சு. கடைசியாப் பாத்தா ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துக் கெடக்குது. சாவியத் திருப்பினா எஞ்சினைச் சுத்தி விடறது அதுதான். அந்தக் காலத்து வண்டிங்கறதால முன்னாடி ஓட்டையில ஒரு கம்பியக் குடுத்துக் கையாலச் சுத்தினாலும் கெளம்பும், இல்லைங்கலை. ஆனா வழியில நின்னு போச்சுன்னா மறுபடியும் எறங்கிச் சுத்தோணுமல்ல? அந்த வயசுல அந்த அம்மாவுக்கு அது ஆகுமா? அதனால தனியாப் போகோணும்னா மோட்டாரைக் கழட்டி உள்ள தேஞ்சு போன கார்பன் கட்டைய மாத்தித்தான் ஆகோணும்.

அதுக்கு ரெண்டு போல்ட். கீழ் போல்ட் ஒரு விசயமே இல்லை, வண்டிக்கு அடியில படுத்தா எங்கூட்டுக்காரரே கழட்டீருவாரு. மேல் போல்ட் இருக்குது பாரு, அது எஞ்சினுக்கும் பின்னாடித் தகட்டுக்கும் நடுவுல, ஒரு பித்தளைக் கொழாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கைய இப்படிக் கவுத்து உள்ள விட்டு, கொழாயத் தாண்டினதும் இப்படி மல்லாத்தி, கட்டை விரலை உள்ள மடிச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு இஞ்சு போகோணும். அப்பத் தட்டுப்படும். ஸ்பேனர் ஒரு தடவைக்கு நெல்லு நீளந்தான் திரும்பும். எடுத்து மாத்திப் போட்டு மறுபடியும் ஒரு நெல்லு. ஒரு மணி நேரம் ஆகும். நாலரை நூல் போல்ட் அது, அரை இஞ்சுக்கு ஒரு பொட்டு பெருசு. எனக்கு என்ன தெரியும், என்ற விரலு சொல்றதைச் சொல்றேன்.

நானும் அன்னைக்குக் காத்தால எண்ணெய் தடவிக்கிட்டு, முந்தானையச் சொருகிக்கிட்டு, வண்டிகிட்டப் போறேன். இவரு அந்தக் கேமராவ உள்ள விட்டுச் செல்போனைப் பாத்துக்கிட்டு இருக்காரு. "துளசி, இங்க வந்து பாரு"ன்னாரு. பாத்தேன். மேல் போல்ட். வெள்ளை வெளிச்சத்துல, துருப்புடிச்சு, இத்தனூண்டு. இத்தனை வருஷம் எத்தனை வண்டியில அந்த எடத்துல கைய வெச்சிருப்பேன்? ஒரு நாளும் அந்த எடத்தைக் கண்ணால பாத்ததில்லை. என்ற விரலுக்கு மட்டும் தெரிஞ்ச எடம் அது. இப்பப் போற வர்றவன் எல்லாம் செல்போன்ல பாக்கலாம். பொட்டியத் தொறந்து சேலையெல்லாம் தெருவுல பரப்பின மாதிரி இருந்துச்சு எனக்கு.

சரி, அதைக் கூடப் பொறுத்துக்கிட்டேன். "நகருங்க, நான் கைய விடறேன்"ன்னேன். அந்த மனுசன் என்ற கைய அப்படியே புடிச்சு அந்தப் பக்கம் தள்ளி, "வேண்டாம். இனிமே நீ கைய விட வேண்டாம் துளசி. நானே பாத்துக்கறேன்"ன்னுட்டாரு.

இனிமே வேண்டாமாம்! இன்னைக்கு வேண்டாம்னா ஒரு அர்த்தம் இருக்குது. இனிமே!

சரிங்கன்னேன். கைய சோப்புப் போட்டுக் கழுவினேன், சோறு போட்டேன், ரசம் ஊத்தினேன், பாத்திரம் கழுவிக் கவுத்தினேன். அடுத்த நாள் காத்தால முதல் பஸ்ஸுக்கு ஏறிட்டேன். வேணாம்னு சொன்ன எடத்துல நான் எதுக்கு டார்ச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கோணும்?

என்ன? எனக்குக் கை வலி இருந்துச்சான்னா? இருந்துச்சு. அதுக்கு என்ன இப்ப? போன தையில இருந்தே மணிக்கட்டு வலிதான். புடவைக் கொசுவம் வெக்க முடியாம ஒருக்கா அழுதே போயிட்டேன். தினமும் அவருதான் தைலம் தேய்ச்சு விடுவாரு. டாக்டரம்மா பாத்துட்டு நரம்பு நசுங்குது, கொஞ்ச நாளைக்குக் கைக்கு ஓய்வு குடுன்னாங்க, அவருகிட்டயும் சொன்னாங்க. அதுக்கு அடுத்த வாரந்தான் இந்தச் சனியன் புடிச்ச கேமரா வந்து எறங்குது. நல்ல நேரம் பாத்து வந்துச்சு பாரு.

எனக்காகத்தான் வாங்கியிருப்பாரா? அட போ கண்ணு. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அதான் இப்படிப் பேசறே. ஆம்பளைக்குப் புதுசா ஒரு விளையாட்டுச் சாமான் கெடைச்சாப் போதும், கூட இருக்கறவ கண்ணுக்குத் தெரிய மாட்டா.

அக்கா வூட்டுல நான் நல்லாத்தான் இருந்தேன். வேளா வேளைக்குச் சோறு, சீரியலு, தூக்கம். என்ன, கை சும்மா இருக்க மாட்டேங்குது. ரெண்டாம் நாளு மிக்ஸி கரகரங்குதேன்னு கழட்டினேன். அப்பறம் கிரைண்டரு. அப்பறம் தையல் மிஷினு, சீலிங் ஃபேனு. ஒண்ணும் கெட்டுப் போகலை, எல்லாத்தையும் திருப்பி மாட்டிட்டேன், முன்னைக்கு இப்ப நல்லா ஓடுது. ஆனா அக்கா கும்புட்டுட்டா. "நீ வந்ததுல இருந்து என்ற வூட்டுல முழுசா ஒரு சாமான் இல்லை துளசி. நேத்து மாமா பல்லுசெட்டைக் கழட்டி வெச்சாரு, அதையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கறே. ஊருக்குப் போடி தாயே"ங்கறா. கூடப் பொறந்தவ பேசற பேச்சா இது?

அவரு போன் பண்ணுவாரு. தினமும் பண்ணுவாரு. வான்னு ஒரு வார்த்தை சொல்லுவாரா? ம்ஹூம். "கடுகு டப்பா எங்க இருக்குது?"ம்பாரு. ரெண்டாவது தட்டுல, செவப்பு மூடிங்கன்னு சொல்லுவேன். ஆனா கண்ணு, கடுகு கேக்கறவன் குரலு சமையக்கட்டுல இருந்துதானே வரோணும்? அது எஞ்சினுக்குள்ள இருந்து வருது. எனக்குத் தெரியாதா? மூச்சை இறுக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசறாரு. நடுவுல 'டங்'குன்னு ஒரு சத்தம், ஸ்பேனர் வழுக்கித் தகட்டுல அடிக்குது. அப்பறம் "ஸ்ஸ்"ங்கறாரு. என்னங்க ஆச்சுன்னா, "கடுகு வெடிச்சுது"ங்கறாரு.

அதைக் கேட்டு நான் போனை வெச்சுட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அக்காளுக்குப் பயமாயிடுச்சு. எட்டாதுங்க, உங்க கைக்கு அது எட்டாதுன்னு எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். அவரா "வா"ன்னு கூப்புடற வரைக்கும் போகறதில்லைன்னு இருந்தேன்.

நேத்து மத்தியானந்தான் எல்லாம் கெட்டுப் போச்சு. போன் பண்ணி, "புளி எங்க இருக்குது?"ன்னாரு.

புளியாம் கண்ணு! "எதுக்குங்க?"ன்னேன். "ரசம் வெக்கறேன்"ன்னாரு. இந்த ஜென்மத்துல அவரு ரசம் வெச்சதில்லை. புளி எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? போல்ட் கடைசிப் புரியில நிக்கறப்பத்தான் புளி வேணும். அப்படின்னா என்ன அர்த்தம்? அவரு கை உள்ள போயிடுச்சு. கேமராவப் பாத்துக்கிட்டு, எப்படியோ வளைச்சு நெளிச்சு, கழட்டிக்கிட்டு இருக்காரு. நான் இல்லாமலே.

எறக்கி வெச்ச புளி மூட்டையாட்டம் அப்படியே உக்காந்துட்டேன். அக்கா காபி குடுத்தா, வேண்டாம்னுட்டேன். உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, நீ எங்கயோ எறங்கிப் போறவ. எனக்குப் பயமாயிடுச்சு. இந்த ஒரு வேலையிலதான் அந்த மனுசனுக்கு நான் வேணும். சோறு ஓட்டல்ல கெடைக்கும், துணிக்கு மிஷின் இருக்குது. எஞ்சினுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அவரு கத்தறதும், நான் கண்ணை மூடிக்கிட்டு "உம்"ங்கறதும், அதுதான் கண்ணு எங்க குடும்பம். அது போயிட்டா நாங்க ரெண்டு பேரும் என்னத்தைப் பேசிக்குவோம் சொல்லு?

அதுக்காக ஒண்ணும் நான் இன்னைக்குப் போகலை. கேஸ் சிலிண்டர் வருது. புக் பண்ணினது என்ற போன்ல, சிலிண்டர்காரன்கிட்டச் சொல்ற ஓடிபி நம்பர் எனக்குத்தான் வரும்.

போன்லயே சொல்லலாந்தான். யாரு இல்லைன்னா? ஆனா சிலிண்டர்காரன் முன்னாடி நிக்கோணுமல்ல, வாஷர் இருக்குதா, சீல் இருக்குதான்னு பாக்கோணுமல்ல. நீ ஒண்ணு, எதைச் சொன்னாலும் மடக்கறே. சிலிண்டரை வாங்கி வெச்சுட்டு, நாளைக்கே திரும்பி உடுமலைக்கு வந்துருவேன். துணி கூட எடுத்தாரலை பாரு, எல்லாம் அக்கா வூட்டுலதான் இருக்குது. ஸ்பேனர் மட்டுந்தான் கொண்டாந்தேன். அது என்னமோ, அங்க வெச்சுட்டு வர மனசு வரலை.

கோமங்கலம் தாண்டிட்டமா? அப்ப இன்னும் கொஞ்ச தூரந்தான். நான் வர்றதை அவருகிட்டச் சொல்லக் கூடாதுன்னு அக்காகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கேன். அவ சத்தியம் எத்தனை நேரம் தாங்கும்னு தெரியலை.

இதோ, எங்க பிரிவு வந்துடுச்சு. அந்தப் பேக்கரி தெரியுதல்ல, அதுதான். எந்திரிக்கறேன் கண்ணு, நீ காலைக் கொஞ்சம்...

இரு.

பேக்கரிக்கு முன்னாடி நிக்கறது என்ன வண்டி? கறுப்பு வண்டி. டாக்டரம்மா வண்டி. அவங்களேதான் ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பின்னாடிக் கொழாயில பொகை வருது பாரு. எஞ்சின் ஓடுது.

முடிஞ்சுது. கழட்டிட்டாரு. கழட்டி, சரி பண்ணி, மாட்டி, ஓட்டிக்கிட்டும் வந்துட்டாங்க. அக்கா சொல்லியிருப்பா, எங்கூட்டுக்காரரு எனக்குக் காட்டறதுக்கு வந்திருக்காரு. நாங்க எல்லாம் நல்லா இருக்கறோம், நீ இல்லாமலே நல்லா இருக்கறோம்னு.

நான் எறங்கலை கண்ணு. பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடறேன். அங்க எறங்கி மறு பஸ்ஸுல உடுமலைக்கே போயிக்கறேன். நீ கொஞ்சம் குனிஞ்சுக்கோ, என்னைப் பாத்துடப் போறாரு.

ஏன் கண்ணு, நின்னுக்கிட்டு இருக்கற வண்டிய எதுக்கு ஓட விட்டிருக்காங்க? என்ற வூட்டுக்காரரு சொட்டுப் பெட்ரோலுக்கு உசுரை விடுவாரு. ரயில்வே கேட்டுல நின்னாலே அணைச்சுப்புடுவாரு. அணைச்சா என்ன, மறுபடியும் சாவியத் திருப்பினா...

ஏ கண்ணு. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், நீ பாரு. கடைக்குப் பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு குண்டா ஒருத்தரு நிக்கறாரே, அவருதான் எங்கூட்டுக்காரரு, அவரு கையில என்ன வெச்சிருக்காரு? கம்பியா? வளைஞ்ச கம்பியா? நல்லாப் பாத்துச் சொல்லு.

கம்பிதான்! முன்னாடி குடுத்துச் சுத்தற கம்பி! அப்ப மோட்டார் செத்தேதான் கெடக்குது. மேல் போல்ட் அப்படியே இருக்குது! அணைச்சா மறுபடிச் சுத்தோணுமேன்னு அணைக்காம நிக்கறாங்க கண்ணு, கெட்டிக்காரருதான் போ!

வர்றாரு, வர்றாரு, சன்னலுக்கே வர்றாரு. என்ற மூஞ்சி எப்படி இருக்குது? சிரிச்ச மாதிரி தெரியுதா? இரு, கோபமா வெச்சுக்கறேன்.

என்னங்க? வாங்க. நான் ஒண்ணும் உங்களுக்காக வரலை, சிலிண்டருக்கு வந்தேன். கையில என்ன கட்டு? அந்தக் கை? ரெண்டு கையிலயுமா? அய்யோ, முழங்கை வரைக்கும் சிராய்ச்சு வெச்சிருக்கீங்க, யாரு உங்களை உள்ள விடச் சொன்னது? புளி போட்டு ரசம் வெச்சீங்களே, அது என்னாச்சு? என்ன? வாய்க்குள்ளயே பேசுனா எனக்கு எப்படிக் கேக்கும், பஸ் எஞ்சின் இந்தக் கத்துக் கத்துது. சத்தமாச் சொல்லுங்க.

கை வலிக்குமேன்னு பாத்தீங்களா? வலிக்கட்டும். என்ற கை, என்ற வலி. அதை நான் பாத்துக்கறேன். அதுக்கு அப்பறம் என்னமோ சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.

கண்ணு, கேட்டியா நீ? புளி அப்பிப் பாத்தும் எட்டலையாம்! "எனக்கு எட்டலை துளசி"ங்கறாரு. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை, என்ற சாமி.

தம்பி, கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், விசிலடிச்சுடாதீங்க. எறங்கறேன், எறங்காம எங்க போறேன். டாக்டரம்மா நாளைக்குத் தனியாப் போகோணும், எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்குது. ஆனா அவரு அதை இன்னொருக்காச் சொல்லட்டும். பின் சீட்டுல இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது.